டே கேர் ஆரம்பிக்கறவங்களுக்கு: குழந்தைங்களுக்கு அடிபடாம பாத்துக்க எதை முதல்ல செய்யணும், என்ன பேப்பர் வேணும், எவ்ளோ நாள் ஆகும்

சின்னப் பசங்களைப் பாத்துக்கற இடம் புதுசா ஆரம்பிக்கறவங்க, இல்ல அப்படி ஒரு இடத்துல வேலைக்குச் சேரப் போறவங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். நாங்க ஆரம்பிச்சப்போ யாருமே வரிசையா உக்கார வச்சு சொல்லித்தரல, ஒருத்தர் முதல்ல கேமரா மாட்டுங்கன்னாங்க, ஒருத்தர் மெத்தை வாங்குங்கன்னாங்க, ஒரு கவுண்டர்ல வாங்கின பேப்பர் அடுத்த கவுண்டர்ல செல்லாதுன்னாங்க, பெயின்ட் எல்லாம் அடிச்சு முடிச்ச அப்புறம் ஃபயர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவங்க பின்கதவு வெளிப்பக்கமா திறக்கணும்னு சொல்லி மறுபடி நிலையை உடைச்சோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேணாம்.

பொறந்த குழந்தையில இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள பசங்களை மனசுல வச்சு எழுதியிருக்கேன். லைசன்ஸ் விதி இடத்துக்கு இடம் மாறும், அதனால உங்க இடத்து ரூல் புக்கை பிரிண்ட் போட்டு கையில வச்சுக்கோங்க, இங்க நான் சொல்றதும் அதுவும் வேறவேறயா இருந்தா எது கடுமையா இருக்கோ அதைப் பின்பற்றுங்க.

கடைசி வரைக்கும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்ப சொல்லப் போறேன். "எல்லாரும் பாத்துக்கலாம்"னு விட்ட ஆபத்தை யாரும் பாக்க மாட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் பேரும், அவங்க அதை எப்போ பாக்கணும்ங்கற நேரமும் எழுதி வைக்கணும்.

1. அடுத்தவங்க கையில இருக்கற பேப்பரை முதல்ல ஓட விடுங்க

பொம்மை ஒரே நாள்ல வாங்கிடலாம், கட்டில் ஒரு வாரத்துல வந்துடும். ஆனா ஸ்டாஃபோட போலீஸ் வெரிஃபிகேஷன், கட்டடத்துக்கான ஃபயர் கிளியரன்ஸ், முதலுதவி டிரெய்னிங்ல இடம் கிடைக்கறது, மெடிக்கல் ஃபிட்னஸ், இதெல்லாம் உங்க அவசரத்துக்கு நடக்காது. திறக்கற தேதிக்குக் குறைஞ்சது மூணு நாலு மாசம் முன்னாடி இந்த நாலையும் ஒரே வாரத்துல போட்டுடுங்க. ஒண்ணு முடிஞ்சு அடுத்ததுன்னு போனா வாடகை மட்டும் ஓடிட்டே இருக்கும்.

வரிசை முக்கியம். ஃபயர் ஆளுங்க வந்து பாத்துட்டுப் போன அப்புறம்தான் மரவேலை, அதுக்கு அப்புறம் பெயின்ட். பழைய கட்டடம்னா இன்னொண்ணும் இருக்கு, உரிஞ்சு வர்ற பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதை வறண்ட நிலையில சுரண்டவோ தேய்க்கவோ விடாதீங்க, அந்தத் தூசிதான் குழந்தை கை வழியா வாய்க்குப் போகுது. முதல்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

வெரிஃபிகேஷன் ரிசல்ட் வராத ஆளை குழந்தைங்களோட தனியா விடவே விடாதீங்க. "தெரிஞ்சவங்க சொல்லி வந்தவங்க"ங்கறது பேப்பருக்குப் பதில் ஆகாது. டயப்பர் மாத்தற இடம், தூங்கற ரூம் எல்லாத்துலயும் கதவுல கண்ணாடி இருக்கட்டும், இல்லாட்டி கதவே இல்லாம இருக்கட்டும், உள்ள நடக்கறது வெளிய நடந்து போற யாருக்கும் தெரியணும். இது குழந்தைக்கும் பாதுகாப்பு, நேர்மையா வேலை பாக்கற ஸ்டாஃபுக்கும் பாதுகாப்பு.

எந்த ஆபீஸுக்குக் குடுத்தாலும் ஒரு காப்பியில வாங்கிக்கிட்ட சீல், தேதி போட்டு வாங்கிட்டு வாங்க. அது கையில இல்லாம எந்த ஆபீஸ் வாசல்லயும் பேச முடியாது.

2. ஆள் கணக்கு

செலவுல பெரிய செலவு சம்பளம்தான், அதனால குறைக்கலாம்னு முதல்ல கை போறதும் அங்கதான். தயவுசெஞ்சு அங்க மட்டும் கை வைக்காதீங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி சேர்ந்து தயாரிச்ச டே கேர் தர வழிகாட்டி, 1 வயசுக்குள்ள இருக்கற 3 குழந்தைக்கு ஒரு பெரியவங்க, 1 வயசுல இருந்து 3 வயசு ஆகற வரைக்கும் 4 குழந்தைக்கு ஒருத்தர், 3 வயசுப் பசங்க 7 பேருக்கு ஒருத்தர், 4, 5 வயசுப் பசங்க 8 பேருக்கு ஒருத்தர்னு சொல்லுது. இதைவிட அதிகமா பசங்களை விட சட்டம் அனுமதிக்கற இடங்கள் நிறைய இருக்கு. ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க, தீ விபத்துன்னா ஒரு ஆளால ஒரே நேரத்துல எத்தனை கைக்குழந்தையைத் தூக்கிட்டு வெளிய ஓட முடியும்?

இங்க இருக்கற பொறி என்னன்னா ரிஜிஸ்டர்ல கணக்கு சரியாத்தான் இருக்கும். ரூம்ல இருக்காது. ஒருத்தர் சாப்பிடப் போயிருப்பாங்க, ஒருத்தர் வாசல்ல பெற்றோர்கிட்ட பேசிட்டிருப்பாங்க, மிச்சம் ஒருத்தர் தனியா எட்டு குழந்தையோட இருப்பாங்க. அதனால எப்பவும் ஒரு மாத்து ஆள் வேணும், சமையலோ கிளீனிங்கோ அவங்க தலையில போடாம வெறும் மாத்து ஆளா இருக்கணும்.

ஆள் பத்தலைன்னா வர்ற இன்னொரு ஆபத்தை யாரும் வெளிய பேசறதில்ல. விடாம அழற கைக்குழந்தையை ஒரே ஆள் ரொம்ப நேரம் வச்சிருந்தா எப்படிப்பட்ட நல்லவங்களுக்கும் பொறுமை போகும், அந்த ஒரு நொடியில குழந்தையைப் பிடிச்சு உலுக்கிட்டா மூளையில ரத்தக்கசிவு வரும், பார்வை போகலாம், உயிரே போகலாம். எங்க ஸ்டாஃபுக்கு நாங்க சொல்லி வச்சிருக்கறது இதுதான்: உங்களால முடியலைன்னு தோணின உடனே குழந்தையைக் கட்டில்ல மல்லாக்கப் படுக்க வச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுங்க, ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். அழுதா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது.

3. எதையும் வாங்கறதுக்கு முன்னாடி தரையில தவழ்ந்து பாருங்க

இது செலவே இல்லாதது, ஆனா இதுலதான் அதிகம் கிடைக்கும். கையில ஒரு டார்ச், ஒரு டாய்லெட் டிஷ்யூ ரோல் தீர்ந்துபோன அட்டைக் குழாய், ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. வாசல்ல இருந்து நாலு கால்ல தவழ்ந்து ஒவ்வொரு ரூமா போங்க. நின்னு பாத்தா தெரியாதது எல்லாம் அங்க இருந்து தெரியும், சோஃபா அடியில ஹேர் கிளிப், சுவரோரமா ஸ்டேப்ளர் பின், மேஜை அடிப்பக்கம் வெளிய நீட்டிட்டிருக்கற ஸ்க்ரூ, பிளக் பாயின்ட் சரியா கண்ணுக்கு நேரா. மேஜை விரிப்போட நுனி கைக்கு எட்டற உயரத்துல தொங்கும், அதை இழுத்தா மேல இருக்கறது மொத்தமும் தலையில விழும்.

அந்த அட்டைக் குழாய்க்குள்ள எது போகுதோ அது 3 வயசுக்குள்ள இருக்கற குழந்தையோட தொண்டையை அடைக்கும்னு வச்சுக்கோங்க. பந்து மட்டும் இன்னும் பெருசா இருக்கணும், 4.5 செ.மீ.க்கு மேல. பெரிய பசங்க பொம்மையும் சின்னப் பசங்க பொம்மையும் ஒரே கூடையில கிடக்கறதுதான் பாதிப் பிரச்சனை, ரூமையே பிரிங்க, முடியலைன்னா நேரத்தைப் பிரிங்க.

இதுக்குள்ளயே நாலு பொருளைத் தனியா சொல்லணும்.

பட்டன் பேட்டரி. காசு மாதிரி வட்டமா இருக்கற லித்தியம் பேட்டரி, சிஆர்2032 மாதிரி 20 மி.மீ. அகலம் உள்ளது ரொம்ப மோசம். அது உணவுக்குழாய்ல மாட்டிக்கிட்டா ஈரத்துல கரன்ட் ஓட ஆரம்பிச்சு ரெண்டே மணி நேரத்துல சதையை அரிச்சு ஓட்டை போட ஆரம்பிச்சுடும். தீர்ந்துபோன பேட்டரின்னு தூக்கிப் போட்டதுலயும் அந்த அளவுக்கு சார்ஜ் இருக்கும். குழந்தை எச்சில் ஒழுக்கும், இருமும், சாப்பிட மாட்டேங்கும், பாத்தா சளி மாதிரியே இருக்கும், அதுதான் கொடுமை. சந்தேகம் வந்தாலே நேரா எக்ஸ்-ரே இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போங்க, "ஒருவேளை பேட்டரி முழுங்கியிருக்கலாம்"னு வாயைத் திறந்து சொல்லுங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. 1 வயசுக்கு மேல உள்ள குழந்தைன்னா, முழுங்கற சக்தி இருந்தா, போற வழியில 10 நிமிஷத்துக்கு ஒருதடவை ரெண்டு டீஸ்பூன் தேன் குடுக்கலாம், அது அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், ஆனா தேன் தேடறதுக்காகக் கிளம்பறதைத் தள்ளிப் போடாதீங்க. ரிமோட், தெர்மாமீட்டர், எடை மெஷின், பாட்டுப் பாடற பொம்மை, கார் சாவி, வாழ்த்து அட்டை எல்லாத்துலயும் இந்த பேட்டரி இருக்கு. மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கினதா இருந்தா மட்டும் உள்ள விடுங்க.

அடுத்தது சின்ன காந்தம். ஒண்ணுக்கு மேல முழுங்கினா குடலோட ரெண்டு மடிப்புக்கு ரெண்டு பக்கமும் இருந்து ஒண்ணையொண்ணு இழுத்து நடுவுல இருக்கற குடலை நசுக்கிடும். தண்ணியில ஊறி வீங்கற ஜெல் மணி இன்னொண்ணு, வயித்துக்குள்ள போயும் அது வீங்கும், குடலை அடைக்கும், எக்ஸ்-ரேல சரியா தெரியவும் தெரியாது. நாலாவது பலூன், உடைஞ்ச ரப்பர் துண்டு தொண்டையில ஒட்டிக்கிட்டா எடுக்கறது ரொம்பக் கஷ்டம். இந்த மூணும் கட்டடத்துக்குள்ளயே வரக் கூடாது. பிறந்தநாளுக்கு பலூன் கொண்டு வர்ற பெற்றோருக்கு மனசு கஷ்டமா இருக்கும், அதனால அட்மிஷன் ஃபார்ம்லயே எழுதிடுங்க.

அப்புறம் ஸ்டாஃபோட ஹேண்ட்பேக். மாத்திரை, சானிடைசர், நாணயம், லைட்டர், எல்லாம் அதுலதான் இருக்கும், நாற்காலியில மாட்டி வச்சா குழந்தை உயரத்துக்கு சரியா வரும். பூட்டு போட்ட லாக்கர்தான் இதுக்கு வழி, விலை ஒண்ணும் பெருசில்ல.

வாசல்ல இருக்கற செடியையும் பாத்துடுங்க, அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி எல்லாம் விஷம், பேர் தெரியாத செடியை வளர்க்காதீங்க. கிளீனிங் பொருள் எல்லாம் உயரத்துல, பூட்டுக்குள்ள, சொந்த பாட்டில்லயே. கூல்டிரிங்க் பாட்டில்ல ஊத்தி வைக்கற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்க. ப்ளீச்சையும் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் சேத்து ஊத்தினா குளோரின் வாயு வரும், கிளீனிங் பண்றவங்ககிட்ட இதை அவங்களுக்குப் புரியற மாதிரி ஒருதடவை நேர்ல சொல்லுங்க.

4. தூங்கற ரூம்

சத்தமே வராத ஆபத்து இங்கதான் இருக்கு, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

1 வயசு வரைக்கும் ஒவ்வொரு தூக்கத்துக்கும் குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும், சமமான கெட்டியான மெத்தை, அதுக்குப் பொருந்தின விரிப்பு ஒண்ணு, அவ்ளோதான். தலையணை, போர்வை, பொம்மை, கட்டிலைச் சுத்திக் கட்டற பஞ்சு எதுவும் வேணாம். வீட்டுல எப்பவும் மல்லாக்கத் தூங்கிப் பழகின குழந்தையை டே கேர்ல மட்டும் குப்புறப் போட்டா திடீர் மரண ஆபத்து ரொம்பவே கூடும், பழக்கமில்லாத குழந்தைக்குத் தலையைத் திருப்பிக்கத் தெரியாது. "எங்க வீட்டுல குப்புறப் போட்டாத்தான் தூங்குவான், அப்படியே போடுங்க"ன்னு பெற்றோர் சொல்லுவாங்க. டாக்டர் கைப்பட எழுதிக் குடுத்தா மட்டும்தான்னு பணிவா சொல்லிடுங்க. தானா ரெண்டு பக்கமும் உருளக் கத்துக்கிட்ட குழந்தை தூக்கத்துல திரும்பிக்கிட்டா அப்படியே விடலாம், ஆனா படுக்க வைக்கறது எப்பவும் மல்லாக்கத்தான். துணியில சுத்திப் படுக்க வைக்கறதை உருள முயற்சி பண்ற அறிகுறி தெரிஞ்சதும் நிறுத்திடணும்.

கார் சீட்லயோ பவுன்சர்லயோ (குழந்தை சாஞ்சு உக்கார்ற ஆடற இருக்கை) தூங்கிட்டே வந்தா எழுந்துடுவானோன்னு பாக்காம எடுத்துக் கட்டில்ல போடுங்க, அந்த சாய்வுல தலை முன்னாடி கவிழ்ந்து மூச்சுக்குழாய் மடங்கும்.

கட்டில் கம்பிகளுக்கு நடுவுல 6 செ.மீ.க்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தைக்கும் ஓரத்துக்கும் நடுவுல ரெண்டு விரலுக்கு மேல போகக் கூடாது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க கவனிங்க, ஒரு பக்கம் கீழ இறங்கற மாதிரி இருக்கற பழைய மாடல் கட்டிலை அமெரிக்காவுல 2011லயே தடை பண்ணிட்டாங்க, அந்தப் பக்கம் கழண்டு குழந்தை இடுக்குல மாட்டி இறந்ததாலதான். சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. கட்டில் பக்கத்துல ஜன்னல் திரைக் கயிறு தொங்கக் கூடாது. கழுத்துல செயின், கயிறு, கட்டின பிப், பேசிஃபயர் நாடா எல்லாத்தையும் படுக்க வைக்கறதுக்கு முன்னாடி கழட்டணும்.

தூங்கும்போது ஒரு ஆள் அதே ரூம்ல இருக்கணும், கேமரா போதாது. எங்க இடத்துல 10 நிமிஷத்துக்கு ஒருதடவை கிட்ட போய் மூச்சையும் நிறத்தையும் பாத்து டிக் போட்டு இனிஷியல் போடறோம். முகம் தெரியற அளவுக்கு வெளிச்சம் இருக்கணும்.

5. தண்ணியும் சூடும்

5 செ.மீ. தண்ணி போதும் ஒரு கைக்குழந்தை மூழ்க. பக்கெட்டுக்குள்ள தலைகுப்புற விழுந்தா தலை கனத்துனால அதால நிமிர முடியாது, சத்தமும் போடாது. தரை துடைச்ச பக்கெட்டைத் துடைச்சு முடிச்ச கையோட கவுத்து வைக்கணும், டாய்லெட் கதவு உயரத்துல தாழ்ப்பாள், தொட்டி இருந்தா பூட்டற மூடி. பக்கத்துல குளமோ நீச்சல் குளமோ கிணறோ இருந்தா நாலு பக்கமும் வேலியும் தானா மூடற கேட்டும் இல்லாம லைசன்ஸுக்கே போகாதீங்க.

குழாய் வெந்நீர் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, 60 டிகிரி தண்ணி சில நொடியிலயே தோலை ஆழமா வேக வச்சுடும். ஹீட்டர்லயே செட் பண்ணலாம், தெர்மாமீட்டர் வச்சு ஒருதடவை அளந்து பாத்துடுங்க. ஸ்டாஃப் குடிக்கற சூடான டீ, காபி குழந்தைங்க இருக்கற ரூமுக்குள்ள வரவே கூடாது. தீக்காயம் பட்டா உடனே 20 நிமிஷம் ஓடற சாதாரண குளிர்ந்த தண்ணி, ஐஸ் வேணாம், பேஸ்ட், இங்க், எண்ணெய் எதுவும் வேணாம். 20 நிமிஷம்ங்கறது ரொம்ப நீளமாத் தெரியும், கடிகாரத்தைப் பாத்துப் பிடிங்க.

6. கதவு, ஜன்னல், அலமாரி, விளையாட்டு இடம்

உயரமான அலமாரி, டிராயர், டிவி எல்லாத்தையும் சுவரோட ஆங்கர் போட்டு இறுக்கணும். குழந்தை டிராயரைத் திறந்து படி மாதிரி ஏறும், அப்போ அது மொத்தமா மேல சாயும். ஒரு பிராக்கெட், நாலு ஸ்க்ரூ, ஒரு மத்தியானம், அவ்ளோதான் வேலை.

கதவுல எல்லாரும் பூட்டற பக்கத்தைத்தான் பாப்பாங்க. விரல் நசுங்கறது கீல் பக்கத்துலயும்தான், அங்க கவர் போடுங்க. மாடி ஜன்னல் 10 செ.மீ.க்கு மேல திறக்காத மாதிரி தடுப்பு வைங்க, கொசு வலை குழந்தை எடையைத் தாங்காது. பேபி வாக்கர் வேணாம், கனடா 2004லயே அதைத் தடை பண்ணியிருக்கு, அதுல உக்காந்தபடியே படியில உருண்ட குழந்தைங்க அவ்ளோ பேர்.

வெளிய ஊஞ்சல், சறுக்கு மரத்துக்கு அடியில சிமென்ட்டோ வெறும் மண்ணோ புல்லோ இருந்தா பத்தாது. மணல் இல்லாட்டி மரச்சீவல் குறைஞ்சது 23 செ.மீ. ஆழம் இருக்கணும், போடும்போது 30 செ.மீ. போடுங்க, நாளாக ஆக அமுங்கிடும், ஊஞ்சலுக்கு அடியில சீக்கிரமே குழி விழும், வாரத்துக்கு ஒருதடவை வாரி சமன் பண்ணணும். சாமானைச் சுத்தி 1.8 மீட்டர் காலி இடம் வேணும். கம்பி இடைவெளி 9 செ.மீ.ல இருந்து 23 செ.மீ.க்குள்ள இருந்தா உடம்பு போயிடும், தலை மாட்டிக்கும், கழுத்து தொங்கும், டேப் எடுத்து ஒவ்வொண்ணா அளந்து பாருங்க. வெயில்ல இருக்கற சறுக்கு மரத்தை முதல்ல உங்க புறங்கையால தொட்டுப் பாருங்க.

பலருக்குத் தெரியாத ஒண்ணு: குழந்தையை மடியில வச்சு பெரியவங்க சறுக்கினா குழந்தையோட கால் ஓரத்துல மாட்டி, பெரியவங்க எடை சேந்து இழுக்க, எலும்பே முறியும். குழந்தைக்குத் தனியா சறுக்க வயசு வரலைன்னா சறுக்க வேணாம்.

7. சாப்பாடு, அலர்ஜி, மருந்து

திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டணும், குறுக்க வெட்டினா அந்த வட்டம் அப்படியே தொண்டையை அடைக்கும். முழு நட்ஸ், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் குறைஞ்சது 4 வயசு வரைக்கும் வேணாம். 1 வயசுக்குள்ள தேன் கூடாது, அதுல இருக்கற கிருமியால பாட்டுலிசம்ங்கற, தசையைச் செயலிழக்க வைக்கற நோய் வரும். சாப்பிடும்போது எல்லாரும் உக்காந்திருக்கணும், ஓடிட்டே சாப்பிடறது, சாப்பிட்டுட்டே தூங்கறது, பால் பாட்டிலை முட்டுக்கொடுத்து வச்சுட்டுப் போறது எதுவும் கூடாது.

அலர்ஜி இருக்கற குழந்தைக்கு அலர்ஜி வந்தா என்ன பண்ணணும்னு ஒரே பக்கத்துல எழுதி டாக்டர் கையெழுத்து போட்ட திட்டம் வேணும், போட்டோ ஒட்டி சமையல் ரூம்லயும் சாப்பிடற இடத்துலயும் இருக்கணும், பெற்றோர் சம்மதத்தோட. எபிநெஃப்ரின் இன்ஜெக்டர் (கடுமையான அலர்ஜிக்கு உடனே குத்தற ஊசி) இருந்தா பூட்டி வைக்காதீங்க, குழந்தைக்கு எட்டாத ஆனா எல்லா ஸ்டாஃபுக்கும் தெரிஞ்ச இடம். தொடையோட வெளிப்பக்கம் நடுவுல, துணி மேலயே குத்தலாம், குத்தின உடனே ஆம்புலன்ஸ். குணம் தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

மருந்துல பெரிய பொறி காய்ச்சல் சிரப். காலையில வீட்டுல குடுத்துட்டு சொல்லாம விட்டுட்டுப் போயிடுவாங்க, இங்க வந்து காய்ச்சல்னு மறுபடி குடுத்தா டோஸ் ரெட்டிப்பாயிடும். அதனால வாசல்ல குழந்தையை வாங்கும்போதே கேக்கணும், "கடைசியா என்ன மருந்து, எத்தனை மணிக்கு?" பதிலை எழுதி பெற்றோர் கையெழுத்து வாங்கணும். ஒரிஜினல் பாட்டில், எழுத்துல சம்மதம், அளவு போட்ட சிரிஞ்சு, குடுத்தவங்க ஒருத்தர், பாத்தவங்க ஒருத்தர். ஸ்பூன்ல குடுக்காதீங்க.

8. தலை எண்ணறது

மேல சொன்ன எல்லாம் சரியா இருந்தும் குழந்தை காணாமப் போறது ஒரே ஒரு நேரத்துலதான், கை மாறும்போது. தோட்டத்துல இருந்து உள்ள வரும்போது, ஷிஃப்ட் மாறும்போது, சாயங்காலம் வாசல்ல பத்து பெற்றோர் ஒண்ணா நிக்கும்போது. "அக்கா, அவ உங்ககிட்டதானே இருந்தா?", "இல்லம்மா, நீதானே தூக்கிட்டுப் போனே" - இந்தப் பேச்சு உங்க இடத்துல வந்துடக் கூடாது.

வெறும் எண்ணிக்கை போதாது. 9 பேர் இருக்கணும், 9 பேர் இருக்காங்க, ஆனா அதுல ஒண்ணு பக்கத்து ரூம் குழந்தை. லிஸ்ட்டைக் கையில வச்சு பேரைப் படிச்சு முகத்தைப் பாத்து டிக் போடணும். ரூமை விட்டுக் கிளம்பும் முன்னாடி ஒருதடவை, போய்ச் சேர்ந்ததும் ஒருதடவை, ஷிஃப்ட் மாறும்போது ரெண்டு பேரும் சேந்து ஒருதடவை. பொறுப்பை ஒப்படைக்கறவங்க "ஆறு பேர், உன் பொறுப்பு"ன்னு வாய்விட்டு சொல்லணும், வாங்கறவங்க "ஆறு பேர், என் பொறுப்பு"ன்னு திருப்பி சொல்லணும். முதல் வாரம் கூச்சமா இருக்கும், பழகிடும்.

வேன் இருந்தா இன்னும் கடுமையா இருங்க. மூடின வண்டிக்குள்ள 10 நிமிஷத்துல சுமார் 10 டிகிரி ஏறும், குழந்தை உடம்பு பெரியவங்களைவிட பல மடங்கு வேகமா சூடாகும், பின்சீட்ல தூங்கிட்ட குழந்தை சத்தம் போடாது. டிரைவர் கடைசி சீட் வரைக்கும் நடந்து போய் சீட்டுக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்து அங்க தொங்கற ஷீட்ல கையெழுத்து போட்டுட்டு வரணும். வராத குழந்தையோட வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள போன் போகணும், இது ரொம்ப முக்கியம், பெற்றோர் விட்டுட்டதா நினைச்சுக்கிட்டு மறந்து கார்லயே குழந்தை இருந்த சம்பவங்கள் பல நாட்டுல நடந்திருக்கு.

கூட்டிட்டுப் போக வர்றவங்க பேர் லிஸ்ட்ல இருக்கணும், போட்டோ ஐடி பாக்கணும், மாமா சித்தப்பான்னு சொன்னாலும் சரி, குழந்தை ஓடிப் போய்க் கட்டிக்கிட்டாலும் சரி. பெற்றோர்கிட்ட இருந்து போன்ல ஓகே வாங்கினா, உங்க ஃபைல்ல இருக்கற நம்பருக்கு நீங்க திருப்பிக் கூப்பிட்டு உறுதி பண்ணுங்க.

9. முதலுதவி, கை பழகணும்

வீடியோ பாத்தா வராது, பொம்மை வச்சு பண்ணிப் பழகணும். குழந்தைங்க இருக்கற எந்த நேரத்துலயும் சர்டிஃபிகேட் இருக்கற ஒருத்தராவது இருக்கணும், எல்லாருக்கும் இருந்தா நல்லது. சர்டிஃபிகேட் பெரும்பாலும் 2 வருஷம்தான் செல்லும்.

குழந்தை தொண்டையில ஏதாவது அடைச்சுக்கிட்டா நடுவுல தேட நேரம் இருக்காது, அதனால இதை சுவத்துல ஒட்டுங்க. சத்தமா இருமினா இரும விடுங்க. சத்தமே வரலைன்னா, 1 வயசுக்குள்ள இருந்தா தலை கீழ இருக்கற மாதிரி முன்கையில குப்புற வச்சு தோள்பட்டைகளுக்கு நடுவுல 5 அடி, திருப்பி மார்பு எலும்புல 5 அழுத்தம், மாத்தி மாத்தி. 1 வயசுக்கு மேலன்னா முதுகுல 5, வயித்துல தொப்புளுக்கு மேல உள்நோக்கி மேல்நோக்கி 5. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள்ள விரலை விடாதீங்க, இன்னும் உள்ள போயிடும். நினைவு போயிட்டா சிபிஆர் (மார்பை அழுத்தி, வாய் வழியா மூச்சு குடுக்கறது), ஒருத்தரா இருந்தா 30 அழுத்தம் 2 மூச்சு. அந்தப் பக்கம் இன்னொருத்தர் ஆம்புலன்ஸைக் கூப்பிடணும், "யாராவது கூப்பிடுங்க"ன்னு கத்தாம பேர் சொல்லி சொல்லுங்க. போன் பக்கத்துலயே உங்க முழு விலாசமும் வழியும் எழுதி ஒட்டியிருக்கணும், பதட்டத்துல சொந்த விலாசமே வராது.

10. ஃபைலும் ரிஜிஸ்டரும்

ஒவ்வொரு குழந்தைக்கும்: பெற்றோர் ரெண்டு பேர் நம்பர், அவங்க கிடைக்கலைன்னா இன்னும் ரெண்டு நம்பர், கூட்டிட்டுப் போக அனுமதி உள்ளவங்க லிஸ்ட், தடுப்பூசி கார்டு காப்பி, அலர்ஜி, டாக்டர் பேர், அவசர சிகிச்சைக்கு சம்மதக் கடிதம். இது முழுசா வராம குழந்தையைச் சேக்காதீங்க, "நாளைக்குக் கொண்டு வர்றேன்" மாசக்கணக்குல இழுக்கும். நம்பர் எல்லாத்தோடவும் ஒரு காப்பி, கிளம்பும்போது தூக்கிட்டு ஓடற பையில இருக்கணும், தீ பிடிச்சா கம்ப்யூட்டர் உள்ளதான் இருக்கும்.

அடிபட்டா அன்னைக்கே எழுதணும். என்ன நேரம், எந்த இடம், யார் பாத்தாங்க, என்ன பண்ணோம், பெற்றோருக்கு எத்தனை மணிக்கு சொன்னோம். "கீழ விழுந்துட்டான்"னு எழுதாதீங்க, "நீலக் கலர் நாற்காலி மேல ஏறி நின்னான், இடது பக்கமா சாஞ்சு விழுந்தான், இடது புருவத்துல 1 செ.மீ. கீறல்"னு எழுதுங்க. தலையில அடின்னா சின்னதா இருந்தாலும் உடனே போன், சாயங்காலம் வரைக்கும் வைக்காதீங்க. மாசக் கடைசியில எல்லாத்தையும் எடுத்து ஒரே இடம், ஒரே நேரம் திரும்பத் திரும்ப வருதான்னு பாருங்க. எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம்தான் அதிகம்னு அப்படித்தான் தெரிஞ்சுது, அந்த நேரத்துக்கு மாத்து ஆளை நகர்த்தினோம்.

11. காசு கொஞ்சமா இருந்தா எதுல போடறது

முதல்ல காசே இல்லாதது: தவழ்ந்து பாக்கறது, தலை எண்ணற லிஸ்ட், பக்கெட் கவுக்கறது, கட்டில்ல இருந்து தலையணையை எடுக்கறது, ஹீட்டரைக் குறைக்கறது. இதை இன்னைக்கே பண்ணலாம். அடுத்து ஹார்டுவேர் கடையோட முடியற செலவு, ஆங்கர், லாக், கீல் கவர், ஜன்னல் தடுப்பு, புகை அலாரம். மூணாவது டிரெய்னிங், நல்ல கட்டில், தீயணைப்பான், விளையாட்டு இடத்துத் தரை. கேமரா, வண்ண வண்ணச் சுவர், பெரிய பொம்மை எல்லாம் கடைசி. பெற்றோர் முதல்ல பாக்கறது அதைத்தான்ங்கறதால நிறைய பேர் அங்க காசைக் கரைச்சுட்டு சம்பளத்துல குறைக்கறாங்க. வர்ற பெற்றோரை தூங்கற ரூமுக்கும் லிஸ்ட் தொங்கற இடத்துக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, அவங்களுக்குப் புரியும்.

12. தேதி போட்ட காலண்டர்

தினமும் திறக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒரு ஆள் ஒரு சுத்து, தரை, கேட், டாய்லெட், வெளி இடம். வாரம் ஒருதடவை பொம்மை உடைஞ்சிருக்கா, தரை மணல் ஆழம். மாசம் ஒருதடவை புகை அலாரம் பட்டன், தீயணைப்பான் முள் பச்சையில இருக்கா, வெளியேறும் ஒத்திகை. ஒத்திகையை எப்பவும் எல்லாரும் முழிச்சிருக்கற காலை நேரத்துலயே வைக்காதீங்க, தூங்கற நேரத்துலயும் ஒண்ணு வைங்க, கைக்குழந்தைங்களை எதுல வச்சுத் தள்ளிட்டுப் போவீங்கன்னு அப்போதான் தெரியும். ஆன நிமிஷத்தை எழுதுங்க.

வருஷக் கணக்குல வர்றது: லைசன்ஸ் புதுப்பிக்கறது, ஃபயர் கிளியரன்ஸ், முதலுதவி சர்டிஃபிகேட், இன்ஜெக்டரோட எக்ஸ்பைரி, புகை அலாரத்துக்கு 10 வருஷம். முடியற தேதிக்கு மூணு மாசம் முன்னாடி ஒரு குறி, ஒரு மாசம் முன்னாடி இன்னொரு குறி, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் யார் பண்ணணும்ங்கற பேர். அந்த ஆள் வேலையை விட்டுப் போனா அன்னைக்கே அந்தப் பேரை அடிச்சுட்டு வேற பேர் எழுதிடுங்க.